கண்ணாடி மாதிரி இழைச்ச ஹெட்

போன ஐப்பசியில மழை விட்ட ஒரு மதியம். அக்கா மகன் ஒரு சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கிட்டு தோட்டத்துக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, சேத்துல மூணு மைல் நடந்து வந்திருக்கான். "வண்டி எங்கடா மாப்ள?"ன்னு கேட்டேன். பதில் சொல்லல. சாளைத் திண்ணையில சாக்கை வெச்சுப் பிரிச்சான். உள்ள பழைய வேட்டித் துணியில சுத்தின புல்லட் சிலிண்டர் ஹெட்.

அது அவங்கப்பா வண்டி. மச்சான் போய் நாலு வருஷம் ஆச்சு. திருவொற்றியூர்ல வார்த்து, ஈரோட்டுல வாங்கி, நாப்பது வருஷத்துக்குப் பக்கம் அவர் ஒருத்தரே ஓட்டின வண்டி. வேற யாரும் கிக்கரை மிதிச்சா அவருக்குப் பிடிக்காது. இவன் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிக்கிறான். அப்பா வண்டியை நல்லா ஆக்கணும்னு ஆசைப்பட்டு, நகரத்துல ஒரு பட்டறையில கொண்டுபோய்க் கொடுத்திருக்கான். "இன்டேக் போர்ட்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுட்டா காத்து தடையில்லாமப் போகும், இழுவை கூடும்"னு சொல்லி ஒன்பதாயிரம் ரூபா வாங்கியிருக்காங்க.

"விரலை விட்டுப் பாருங்க மாமா" என்றான். விட்டேன். வெண்ணெய் தடவின மாதிரி வழவழப்பு. டார்ச் அடிச்சா என் நகம் அதுல தெரியுது. வேலை சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. ஆனா மாட்டின நாள்ல இருந்து காலையில பத்து கிக் மிதிச்சாத்தான் பிடிக்குதாம். மெதுவாப் போய்த் திராட்டிலைத் திருப்பினா ஒரு நொடி திணறுதாம். மைலேஜ் குறைஞ்சு போச்சாம். "நல்லா முறுக்கி ஓட்டினா மட்டும் பரவால்ல மாமா. ஆனா அப்பா ஓட்டின மாதிரி இல்ல." அதைச் சொல்லும்போது குரல் உடைஞ்சிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவன்கிட்டப் பேசினதைத்தான் இங்க எழுதறேன். என் தலைமுறையில விவசாயிக்கு இஞ்சினைப் பிரிக்கத் தெரிஞ்சிருக்கணும், வேற வழியில்ல. அதுக்கு மேல கொஞ்சம் புத்தகப் பைத்தியமும் உண்டு எனக்கு. நகரத்துல இருந்து படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை: இன்டேக் போர்ட்ங்கிறது கார்புரேட்டர்ல இருந்து வால்வு வரைக்கும் ஹெட்டுக்குள்ள போற குகை மாதிரியான வழி. இஞ்சின் மூச்சு இழுக்கிற மூக்குத் துவாரம். புல்லட்டுல அது ஒரு கைவிரல் நீளம்கூட வராது.

இந்தத் துவாரம் வழவழப்பா இருந்தா நல்லதா, சொரசொரப்பா இருந்தா நல்லதா? சின்னக் கேள்விதான். ஆனா இதுக்கு முன்னாடி ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கு, இஞ்சின்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே. அது காத்துல ஆரம்பிக்கல, தண்ணியில ஆரம்பிச்சது.

18ஆம் நூற்றாண்டு பிரான்சு. குழாயிலும் வாய்க்காலிலும் தண்ணீர் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சுவரை ஒட்டி ஒரு மெல்லிய ஏடு தண்ணீர் அசையாமல் நின்றுவிடும். மீதித் தண்ணீர் அந்த ஏட்டின் மேல்தான் வழுக்கிப் போகும். ஆகவே சுவர் வழவழப்பா சொரசொரப்பா என்பது ஒரு பொருட்டே இல்லை. தியூ புவா என்கிற பொறியாளர் சொன்னது இது. அவருக்குப் பின்னால் வந்த புரோனியின் சூத்திரத்திலும் குழாயின் உள்முகத்துக்கு இடமே கிடையாது. இரும்போ ஈயமோ, புதுசோ துருப்பிடிச்சதோ, எல்லாத்துக்கும் ஒரே கணக்கு.

இதை நம்பாத ஆள் ஆன்றி தார்சி. திஜோன் என்கிற தன் சொந்த ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவர். ரோசுவார் ஊற்றிலிருந்து சுமார் 12.7 கிலோமீட்டர் மூடிய கால்வாய் வெட்டி, 1840இல் ஊருக்குள் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்தார். நிலத்தடி நீர் மணலில் எப்படி ஊறிப் போகிறது என்பதற்கான விதியும் இவர் பெயரில்தான் இருக்கிறது. போர்வெல் போடறவங்க எல்லாம் ஒரு வகையில இவருக்குக் கடன்பட்டவங்க. பிறகு பாரீசில் வேலை பார்த்தபோது, இரும்பு, ஈயம், கண்ணாடி, தார் பூசியது, பல வருடம் ஓடித் துருவும் கசடும் ஏறிய பழைய வார்ப்பிரும்பு என்று விதவிதமான குழாய்களை வரிசையாகப் போட்டுத் தண்ணீர் விட்டு அளந்தார். 1857இல் முடிவுகள் அச்சாகின. உள்முகம் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து இழப்பு மாறுகிறது என்று எண்களோடு காட்டினார். கசடு ஏறின பழைய குழாய்க்கு இழப்பை இரண்டு மடங்காகப் போட்டுக் கணக்கிடச் சொன்னார். அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்துபோனார்.

தார்சி சொன்னது சத்தியம்னு எனக்குப் புத்தகம் படிச்சுத் தெரியல. கிணத்துல இருந்து மேக்கால காட்டுக்கு 600 அடி தூரம் மூணு அங்குல இரும்புக் குழாய் எங்கப்பா போட்டது. வருஷம் போகப் போக கடைசி வயலுக்குத் தண்ணி நூலா வந்துச்சு. மோட்டாரைக் குறை சொன்னோம், கிணத்தைக் குறை சொன்னோம், கரண்டைக் குறை சொன்னோம். ஒரு நாள் இணைப்பு உடைஞ்சு குழாயை அறுத்தப்பப் பார்த்தா, உள்ளே கரையான் புத்து மாதிரி துரு முடிச்சு முடிச்சா நிக்குது. பி.வி.சி. மாத்தினோம். அஞ்சு மணி நேரம் ஆன பாய்ச்சல் நாலு மணிக்குள்ள முடிஞ்சது, அதே மோட்டார், அதே கிணறு.

"அப்புறம் என்ன மாமா? வழவழப்பு நல்லதுன்னுதானே ஆகுது?"ன்னான் பையன். பாலிடெக்னிக் பையன், மடக்கத்தான் செய்வான்.

இருடா. கதை இன்னும் பாதிகூட ஆகல.

1883இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தை ஒரு நூல்போல விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது நூல் நூலாகவே போயிற்று. வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் நூல் கலைந்து குழாய் முழுக்கச் சுழன்றது. வாய்க்கால்ல மடை திறந்ததும் தண்ணி குழம்புமே, அந்தச் சுழல்தான். 1904இல் ஜெர்மனிக்காரர் லுட்விக் பிராண்டல், சுவரை ஒட்டின அந்த மெல்லிய ஏட்டைப் பற்றி ஹைடல்பர்க் நகரில் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். சுவரைத் தொட்ட இடத்தில் வேகம் பூஜ்யம். கொஞ்சம் தள்ளிப் போகப் போக வேகம் ஏறும். எதிர்ப்பு முழுக்கப் பிறப்பது அந்த மெல்லிய பகுதியில்தான் என்றார். தியூ புவா கற்பனையில் பார்த்த ஏட்டை பிராண்டல் கணக்கில் கொண்டுவந்தார்.

அவருடைய மாணவர் யோஹான் நிக்குராட்சே. ஜார்ஜியாவில் பிறந்து கெட்டிங்கனுக்கு வந்தவர். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான், ஏன்னா வேலை நம்ம வேலை மாதிரி இருக்கு. மணலைச் சல்லடையில் சலித்து, ஒரே அளவு மணியாகப் பிரித்து, குழாயின் உள்பக்கம் அரக்கு பூசி, அந்த மணலை ஒட்டவைத்தார். பொடி மணல் ஒட்டின குழாய், நடுத்தர மணல் ஒட்டின குழாய், பெருமணல் ஒட்டின குழாய். ஒவ்வொன்றிலும் மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் அழுத்த இழப்பை அளந்தார். 1933இல் வெளியிட்டார்.

அதில் தெரிந்தது இதுதான். ஒரு வேகம் வரைக்கும் மணல் ஒட்டின குழாயும் வழவழப்பான குழாயும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. வயல்ல நாலு விரக்கடை தண்ணி நின்னா அடியில இருக்கிற மண்கட்டி தெரியாதில்லையா, அந்த மாதிரி. சுவரை ஒட்டின ஏட்டுக்குள்ளேயே மணல்மணி மூழ்கிக் கிடக்கும். மேலே ஓடுகிற ஓட்டத்துக்கு மணல் இருப்பதே தெரியாது. வேகம் கூடக் கூட அந்த ஏடு மெலிகிறது. தண்ணி வடிஞ்ச வயல்ல கட்டி தலை நீட்டற மாதிரி மணல் வெளியே நீட்டும். அப்போதுதான் இழுத்துப் பிடிக்க ஆரம்பிக்கும். ஆக தியூ புவாவும் முழுப்பொய் சொல்லவில்லை, தார்சியும் சரி. நூறு வருஷத்துக்கு மேல இழுத்த வழக்குல ரெண்டு கட்சிக்கும் பாதிப் பாதி. 1944இல் அமெரிக்காவின் லூயிஸ் மூடி இதையெல்லாம் சேர்த்து ஒரே வரைபடத்தில் போட்டார். இன்னைக்கும் பொறியியல் மாணவன் அதை வெச்சுத்தான் பரீட்சை எழுதறான். எங்க மாப்ளையும் எழுதியிருக்கான். எழுதிட்டு மறந்துட்டான்.

சரி, இனி இஞ்சினுக்கு வருவோம். இங்கே ஹாரி வெஸ்லேக் வருகிறார்.

இங்கிலாந்துக்காரர், எக்ஸிடர் நகரில் 1897இல் பிறந்தவர். ஆரம்பத்தில் கார்புரேட்டர் செய்தவர். 1920களில் பென்ட்லி கார்களின் இஞ்சினில் வேலை செய்யும் வாய்ப்பு வந்தது. அந்தக் காலத்தில் இஞ்சினுக்குச் சக்தி கூட்ட வேண்டுமென்றால் கேம் மாற்றுவார்கள், அமுக்கத்தைக் கூட்டுவார்கள், போர்ட்டைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, "நல்லா இருக்கு" என்று சொல்லி மூடிவிடுவார்கள். வெஸ்லேக் காற்றை அளந்தார். ஹெட்டை மட்டும் கழற்றி ஒரு மேசைமேல் வைத்து, ஒரே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒவ்வொரு தூக்கலுக்கும் எவ்வளவு காற்று போகிறது என்று குறித்துக்கொள்கிற முறை அது. கேட்டா எளிசா இருக்கு. ஆனா கண்ணுக்கும் விரலுக்கும் பதிலா அளவை வெச்சதுதான் பெரிய காரியம்.

1935இல் வில்லியம் லயன்ஸ் என்பவர் தன் எஸ்.எஸ். கார்களுக்கு ஜாகுவார் என்று புதுப் பெயர் வைத்து ஒரு வண்டி கொண்டுவந்தார். அதில் இருந்தது ஸ்டாண்டர்ட் கம்பெனியின் 2.7 லிட்டர் ஆறு சிலிண்டர் இஞ்சின். வால்வு பக்கவாட்டில் இருந்தபோது அது கொடுத்தது 70 சொச்சம் குதிரைத்திறன். வெஸ்லேக் வால்வைத் தலைக்கு மேலே கொண்டுவந்து புது ஹெட் வடிவமைத்துக் கொடுத்ததும் 100ஐத் தாண்டியது. அடிப்பகுதி பெரும்பாலும் அதேதான், மூச்சுவிடும் வழியை மாற்றினதில் வந்த லாபம். பிறகு 1948இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. இஞ்சினின் ஹெட்டிலும் அவர் கை இருந்தது. அவருடைய பட்டறையில் செய்த 12 சிலிண்டர் இஞ்சினோடுதான் டான் கர்னி 1967இல் பெல்ஜியம் கிராண்ட் பிரீ பந்தயத்தில் முதலாவதாக வந்தார்.

இதெல்லாம் எங்கேயோ நடந்த சீமைக்கதைன்னு நினைக்காதீங்க. ஆஸ்டின், மாரிஸ் கார்களின் இஞ்சினுக்கு இதய வடிவத்தில் எரியறை வரைந்து கொடுத்தவரும் வெஸ்லேக்தான். அந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் நம்ம அம்பாசிடர். ஊர்ல கல்யாணத்துக்குப் பொண்ணை ஏத்திக்கிட்டு வந்த பெட்ரோல் அம்பாசிடரோட 1489 சி.சி. இஞ்சினைத் திறந்தா, ரெண்டு வால்வுக்கு நடுவுல ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். பழைய மெக்கானிக் எல்லாருக்கும் அந்த மூக்கு தெரியும். யார் வெச்ச மூக்குன்னுதான் தெரியாது.

வெஸ்லேக்கும் அவர் வழியில் வந்தவர்களும் காற்றை அளந்து அளந்து கண்டது என்ன? போர்ட்டில் காற்று பறிபோகிற இடம் சுவரின் சொரசொரப்பு இல்லை. வளைவுதான். வால்வுக்குக் கொஞ்சம் மேலே காற்று திரும்புகிற அந்தக் குறுகலான உள்வளைவு, வால்வு கைடு துருத்திக்கொண்டு நிற்கிற இடம், வால்வு உட்காருகிற சீட்டின் கோணம், கார்புரேட்டர் பக்கமும் ஹெட் பக்கமும் துவாரம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் படி மாதிரி நிற்கிற இடம். வார்ப்பில் வந்த முண்டு முடிச்சுகளை எடுத்து, வளைவைச் சீராக்கினால் நல்ல பலன் தெரியும். அதுக்கு மேல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முகம் பார்க்கிற வேலைக்குக் காற்று அளவுக் கருவியில் கிடைக்கிறது சொற்பம்.

பையன் இங்கேதான் கேட்டான்: "உங்க பி.வி.சி. குழாய்க்கு மட்டும் ஏன் மாமா அவ்வளவு வித்தியாசம்?"

நல்ல கேள்வி. நீளம்டா. குழாய் எத்தனை விட்டத்துக்கு நீளமா இருக்குன்னு பாரு. எங்க குழாய் 600 அடி, அதாவது 7,200 அங்குலம். விட்டம் 3 அங்குலம். வகுத்தா 2,400. சுவர் உரசல் 2,400 பங்கு சேருது. புல்லட் போர்ட்டோட நீளம் அதன் விட்டத்தைப் போல மூணு மடங்கு இருந்தா அதிகம். 2,400 எங்கே, 3 எங்கே? மூணு பங்கு உரசலைப் பாதியாக் குறைச்சாலும் காத்துக்கு அது தெரியாது. அதே காத்து ஒரு வளைவுல திரும்பி, வால்வு விளிம்புல பிதுங்கி வெளிய வரும்போது இழக்கிறது அதைவிடப் பல மடங்கு. வாய்க்கால் நீளத்துக்கும் களை எடுக்கிறது ஒரு வேலை. மடை வாய்ல கிடக்கிற கல்லை எடுக்கிறது வேற வேலை.

அவன் கொஞ்ச நேரம் ஹெட்டையே பார்த்துக்கிட்டு இருந்தான். பணம் போச்சேன்னு நினைச்சிருப்பான். எனக்கும் சங்கடமாத்தான் இருந்தது. ஆனா அவன் குறை அதோட முடியல. பலன் இல்லாம இருந்தாப் பரவாயில்லை, கெட்டுப்போச்சே, அது ஏன்?

கார்புரேட்டர் வண்டியில் அந்தத் துவாரத்தில் காற்று மட்டும் போவதில்லை. பெட்ரோல் துளியும் கூடவே போகிறது. காற்று இலேசானது, வளைவில் திரும்பிவிடும். துளி கனமானது, திரும்பாமல் நேராகப் போய் வெளிச்சுவரில் மோதும். மோதினது சுவரில் ஏடாகப் படிந்து மெல்ல ஊர்ந்துபோகும். இது இஞ்சின்காரர்களை ரொம்ப காலம் அலைக்கழித்த தொல்லை. முதல் உலகப் போரை ஒட்டி அமெரிக்காவில் கார்கள் பெருகி, தேவைக்கு ஈடுகொடுக்கப் பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகாத கனமான பகுதியையும் சேர்த்து விற்றார்கள். குளிரில் வண்டி பிடிக்காது. ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி அடியில் இருக்கிற ஆயிலைக் கரைத்தது. அதற்காகத்தான் உள்ளே வரும் குழாயை வெளியே போகும் சூடான குழாயோடு ஒட்டவைத்து, அந்தச் சூட்டில் சுவரில் படிந்த பெட்ரோலை ஆவியாக்குகிற ஏற்பாடு வந்தது. திடீரென்று திராட்டிலைத் திறந்தால் காற்று முதலில் ஓடிப்போய்விடும், சுவரில் ஊர்கிற பெட்ரோல் பிந்திவிடும். அந்த ஒரு நொடிப் பஞ்சத்துக்காகத்தான் பல கார்புரேட்டர்களில் கூடுதலாகப் பீய்ச்சுகிற சின்ன பம்பு வைத்தார்கள்.

இப்போ கண்ணாடிச் சுவரை நினைச்சுப் பாருங்க. மழைக்காலத்துல ஜன்னல் கண்ணாடியில துளி என்ன பண்ணும்? ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, கோடு கோடா வழிஞ்சு ஓடும். அதே துளி சாளைச் செங்கல் சுவர்ல பட்டா பரவி ஈரமாகும். ஹெட் வேலை செய்கிற கைதேர்ந்த ஆட்கள் சொல்வது இதைத்தான்: உள்ளே வரும் போர்ட்டில் ஓரளவு சொரசொரப்பை விட்டுவை, 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாள் தடம் இருக்கட்டும், சுவரோரம் காற்று சின்னச் சின்னதாகச் சுழன்று பெட்ரோலை மறுபடி வாரிக்கொண்டு போகும். வெளியே போகும் போர்ட்டில் பெட்ரோல் துளி கிடையாது, கரிதான். வழவழப்பில் கரி ஒட்டுவது குறைவு, அங்கே வேண்டுமானால் பாலிஷ் போடு. நம்ம பையன் பட்டறையில வெளிப்போர்ட்டைத் தொடவே இல்ல. அது கறுப்பா, குண்டும் குழியுமா அப்படியே இருந்தது.

இதுல இன்னொரு கூத்து. இப்போ சில பேர் போர்ட்டுக்குள்ள கோல்ஃப் பந்து மாதிரி குழி குழியா குடைஞ்சு படம் பிடிச்சுப் போடறாங்க. மாப்ள அதையும் போன்ல காட்டினான். கோல்ஃப் பந்துக் கதை உண்மைதான். 1848 வாக்கில் மலாயா மரத்துப் பாலில் செய்த பந்து வந்தது. புதுப் பந்து வழவழப்பாக இருந்தும் சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டு வெட்டுக்காயம் விழுந்த பழைய பந்து நன்றாகப் பறந்தது. அதனால் புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்றார்கள். 1905இல் லெஸ்டர் நகரத்து வில்லியம் டெய்லர் குழிகளுக்குக் காப்புரிமை எடுத்தார். காரணம் பிறகுதான் விளங்கியது. பாரீசில் ஐஃபெல், ஆமாம், கோபுரம் கட்டின அதே ஐஃபெல்தான், உருண்டைகள்மேல் காற்றை விட்டு அளந்து, ஒரு வேகத்துக்கு மேல் எதிர்ப்பு சட்டென்று குறைவதை 1912இல் கண்டார். 1914இல் பிராண்டல் ஒரு உருண்டையில் மெல்லிய கம்பி வளையத்தைச் சுற்றி, சுவரோர ஏட்டை வேண்டுமென்றே குழப்பினார், எதிர்ப்பு குறைந்தது. குழம்பின ஏடு பந்தின் முதுகை விடாமல் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தூரம் கூடப் போவதால், பின்னால் உருவாகிற வெற்றிடச் சுழல் சிறுத்துப்போகிறது.

ஆனா அது வெளியே பறக்கிற பந்து. அதுக்கு முதுகு உண்டு, முதுகுக்குப் பின்னால இழுக்கிற சுழல் உண்டு. துவாரத்துக்குள்ள போற காத்துக்கு முதுகு ஏது? உள்வளைவுல காத்து சுவரை விட்டுப் பிரியற ஒரு இடத்துக்கு வேணும்னா அந்த நியாயம் கொஞ்சம் பொருந்தலாம். அந்த இடத்தை வளைவைச் சரி பண்ணித் தீர்க்கிறதுதான் முறை. குழி குடையறவன் வீடியோவுக்குத்தான் குடையறான்.

அவனை எழுப்பி எங்க ஆயில் இஞ்சின் கிட்டக் கூட்டிட்டுப் போனேன். மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல தகரத்துக்கு அடியில கிடக்கு. அப்பாரு வாங்கினது. பைக்காரா கரண்டு கோயமுத்தூர்ப் பக்கம் 1930கள்லயே வந்துருச்சு, எங்க மேட்டாங்காட்டுக்கு வர இன்னும் பல வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் கவலைக்கு அடுத்து இந்த இஞ்சின்தான் எங்களுக்குத் தண்ணி கொடுத்தது. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930ஐ ஒட்டிக் கொண்டுவந்த 5 குதிரைத்திறன் இஞ்சின்; நிமிஷத்துக்கு 600 சுற்றுதான். அதைப் பார்த்து ராஜ்கோட் பக்கம் வார்த்த இஞ்சின்கள் இந்தியா முழுக்கப் பரவின. எங்களோடதும் அந்த ஜாதி.

ஹெட்டைப் பிரிச்சே ரொம்ப நாளா இருந்ததால உள்ளே விரலை விடச் சொன்னேன். விட்டவன் சிரிச்சிட்டான். வார்ப்பு மணல் தடம் அப்படியே இருக்கு, கருப்பட்டியைத் தடவற மாதிரி. இந்தச் சொரசொரப்போடதான் மூணு தலைமுறைக்கு வாழைக்கும் மஞ்சளுக்கும் தண்ணி இறைச்சது. டீசல் இஞ்சினுக்கு அந்தத் துவாரத்துல வெறும் காத்துதான். டீசல் தனியா நேரா உள்ளே பீய்ச்சும். சுவர்ல படியறதுக்கு ஒண்ணும் கிடையாது. 600 சுற்றுன்னா நொடிக்கு அஞ்சு மூச்சு. உங்கப்பா புல்லட் 5,000 சுற்றுல நொடிக்கு நாப்பது மூச்சுக்கு மேல. இந்தக் கிழவனுக்கு அவசரமே கிடையாது, மணல்மணி எல்லாம் நிக்குராட்சே சொன்ன ஏட்டுக்குள்ள பெரும்பாலும் அமுங்கித்தான் கிடந்திருக்கும்.

திரும்பி வந்து வெர்னியர் எடுத்து அளந்தோம். ஊர்ல ஒரு மெக்கானிக்கிட்ட அதே மாடல் பழைய ஹெட் ஒண்ணு கிடந்தது, அதையும் வாங்கிட்டு வந்து வெச்சுப் பார்த்தோம். அங்கேதான் வயித்தைக் கலக்குச்சு. பாலிஷ் போடறேன்னு தேய்ச்சதுல விட்டம் ரெண்டு மில்லிமீட்டர் கூடியிருக்கு. ரெண்டு மில்லி கேட்க அற்பமா இருக்கும். அந்த அளவுத் துவாரத்துல பரப்பு ஆறேழுல ஒரு பங்கு கூடிருது. அதே காத்து அகலமான வழியில போனா வேகம் குறையும். மெதுவா ஓட்டும்போது காத்துல வேகம் இல்லைன்னா பெட்ரோலைத் தூக்கிட்டுப் போக ஆள் இல்லை. முறுக்கி ஓட்டினா மட்டும் பரவால்லைன்னு அவன் சொன்னதுக்கு அர்த்தம் இதுதான். பந்தய வண்டிக்கு அது சரி. சந்தைக்குப் போய் ரெண்டு மூட்டை ஏத்திக்கிட்டு வர்ற வண்டிக்கு இல்ல.

தேய்ச்ச உலோகத்தை ஒட்ட முடியாதுன்னு அவன்கிட்டச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

"அந்தப் பழைய ஹெட்டை வாங்கிப் போட்டுரலாமாடா?"ன்னு கேட்டேன். வேண்டாம்னுட்டான். அது அப்பா வண்டியோட ஹெட் இல்லையாம்.

சரின்னு 80 நம்பர் உப்புத்தாளை ஒரு மூங்கில் குச்சியில சுத்தி, காத்துப் போற திசைக்குக் குறுக்கா, பையனையே உரசச் சொன்னேன். அரை மணி நேரத்துல கண்ணாடி மங்கி சாம்பல் நிறத்துக்கு வந்தது. வெளிப்போர்ட் கரியைச் சுரண்டி எடுத்தோம். கார்புரேட்டரும் ஹெட்டும் சேர்ற இடத்துல பேக்கிங் உள்பக்கம் துருத்திக்கிட்டு நின்னது, அதை வெட்டினோம். மண்ணெண்ணெய்ல கழுவி, வால்வை லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு உட்கார வெச்சோம். கார்புரேட்டர் ஜெட்டையும் ஊதி விட்டேன்.

இப்போ காலையில மூணு நாலு கிக்குல பிடிக்குது. சொரசொரப்பு வந்ததாலயா, வால்வு ஒழுங்கா உட்கார்ந்ததாலயா, ஜெட்டை ஊதினதாலயான்னு கேட்டா சத்தியமா எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. வெஸ்லேக்கா இருந்தா ஒவ்வொண்ணா மாத்தி அளந்திருப்பார். திராட்டில் திணறலும் பாதி குறைஞ்சிருக்கு. போன வாரம் அக்காவைப் பின்னால உட்கார வெச்சுக்கிட்டு தோட்டத்துக்கு வந்தான். கோயில் பள்ளத்து மேட்டுல சத்தம் கேட்டதும் நான் வரப்புல நின்னு கவனிச்சேன். பாதி மேட்டுல ரெண்டாவது கியருக்கு இறக்கினான். மச்சான் அந்த மேட்டை மூணாவதுலயே ஏறுவார்.